செங்கமலத்தின் ராஜகுடும்ப நோட்டு

வல்லக்கோட்டை கிருத்திகையில் என் செருப்பு தொலைந்தபோது, "எனக்கு வெறுங்கால்ல நடக்குற வேண்டுதல் கீதுக்கா" என்று பொய் சொல்லித் தன் செருப்பைத் தந்தவள் பக்கத்து வீட்டுச் செங்கமலம். முருகன் அந்தப் பொய்யை மன்னித்திருப்பான்.

தன் குடும்பத்தையே ராஜகுடும்பமாக அவள் ஒரு நோட்டில் வரைந்து வந்தாள். கிரீடத்தோடு புருஷன் தணிகாசலம் எருமையிடம் உதை வாங்கும் படம், 1991 மாட்டுப் பொங்கலன்று அவன் கையிலேயே சிக்கியது. நோட்டைக் கிழித்துவிடுவானோ என்று அவள் பயந்தாள். அவனோ உற்றுப் பார்த்து, "ராஜாவுக்கு மீசை இத்துனூண்டு, எருமைக்கு மட்டும் இவ்ளோ பெரிய மாலையா?" என்றான்.

"பால் குடுக்குறது அதுதானே?"

சிரித்துவிட்டான். அவள் மீசையை நீட்டினாள், நோட்டு பிழைத்தது.

மறைமலை நகருக்குக் குடிபோன அன்று, லாரியில் ஏறி உட்கார்ந்து அவள் சொன்னாள்: "அக்கா, நோட்டுல உன்னையும் வரைஞ்சிகீறேன், பட்டத்து யானையா. கோச்சிக்காதே, காலுக்குச் செருப்பு போட்டு வுட்டுகீறேன்."