தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு

புதுக் கார் வாங்கியதிலிருந்து அப்பாவுக்கு முன்சீட்டுதான். புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டுத் தெருமுனையைத் தாண்டி வேகம் எடுத்ததும் நான்கு கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொள்ளும். பிறகு என் பக்கத்துப் பொத்தானை நான் அழுத்தினால்தான் எந்தக் கதவும் திறக்கும். நல்ல வசதி என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சிறுநீரை அடக்க முடியாத தொந்தரவு வந்திருந்தது எனக்குத் தெரியாது. அம்மாவிடமே அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தார். மகளிடம் எப்படிச் சொல்வார்?

ஒரு கிருத்திகையன்று நாங்கள் இருவரும் திருப்போரூர் கோயிலுக்குப் போனோம். கோயிலுக்கு முந்தைய தெருவில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அப்பா திடீரென்று, "நிறுத்தும்மா, நா எறங்கணும்" என்றார்.

"இன்னாப்பா, இங்கயா? கோயிலாண்ட எறங்கிக்கலாம்."

"நிறுத்துன்றேன்ல!"

பிரேக்கை மிதித்தேன். அவர் கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். பதற்றத்தில் நான் கண்ணாடிப் பொத்தானை அழுத்திவிட்டேன். அவர் பக்கத்துக் கண்ணாடி சரசரவென்று இறங்க, வெளியே பூ விற்றுக்கொண்டிருந்த பெண் குனிந்து, "மொழம் போடட்டா நைனா?" என்று கேட்டாள். அப்பாவின் கைகள் தளர்ந்து மடியில் விழுந்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கோயிலுக்குப் போகவில்லை. வழியெல்லாம் துண்டை மடியில் விரித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். வீடு நெருங்கும்போது, "பாட்டில் தண்ணி கொட்டிக்கிச்சின்னு அம்மாகிட்ட சொல்லிடு" என்றார்.

சர்வீஸ் சென்டரில், தானாகப் பூட்டுவதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். "அது சேஃப்டி மேடம். அத்த ஏன் எடுக்கணும்?" என்றார்கள். காரணம் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். வீட்டு வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து, திரையில் ஒவ்வொன்றாகத் தேடி நானே அணைத்தேன். "இனிமே நீ இழுத்தாலே தொறந்துக்கும்பா" என்றேன்.

அடுத்த வாரம் செங்கல்பட்டில் டாக்டரைப் பார்த்தோம். வயதானால் இப்படித்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது, திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அப்பா "ம்மா" என்றார். உடனே ஓரங்கட்டினேன். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். இடதுபக்கமாக வந்த பைக் கதவில் உரசிச் சாய்ந்தது. ஓட்டி வந்தவருக்கு அடியில்லை, ஆனால் ஆடிப்போயிருந்தார்.

"யோவ் பெர்சு! வண்டி நிக்கறதுக்குள்ள இன்னாய்யா அவசரம் உனுக்கு? நா செத்திருந்தா இன்னா பண்ணுவே?"

அப்பா இறங்கிக் கைகூப்பினார். என்ன அவசரம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. "மன்னிச்சுக்கண்ணா, மன்னிச்சுக்கண்ணா" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த ஆள் கிளம்பும்வரை அப்பா கதவைப் பிடித்தபடி நின்றார். வேட்டி அதற்குள் நனைந்திருந்தது.

வண்டியில் ஏறியதும், "அத்த பழையபடி போட்டுடு" என்றார்.

"வாணாம்பா. வண்டி நின்னதும் நா சொல்றேன், அப்பறம் தொற."

"அவ்ளோ நேரம் தாங்காதும்மா எனக்கு."

இவ்வளவு வெளிப்படையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. வண்டியைக் கிளப்பினேன்.

போட்டாலும் பயம், எடுத்தாலும் பயம். சில நாள் அந்தப் பூட்டைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தேன். டயப்பர் வாங்கி அவர் அலமாரியில் வைத்தேன். பிரிக்கவே இல்லை.

மாமல்லபுரத்தில் பெரியப்பா பேத்தியின் கல்யாணம் வந்தது. அப்பா காலையிலேயே குளித்துப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். கிளம்பும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்க. நா வூட்ட பாத்துக்கறேன்."

எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தோம். மண்டபத்தில் எல்லோரும் விசாரித்தார்கள். முட்டிவலி என்று அம்மா சொன்னாள். பந்தி முடிந்ததும் அவருக்குப் போன் செய்தேன்.

"கூட்டம் ஜாஸ்தியா?"

"ஆமாம்பா. எல்லாரும் உன்னத்தான் கேட்டுகினு இருந்தாங்க."

"அப்டியா" என்றார். அவர் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது.