துடைத்த கைநாட்டு

நானூற்றுப் பதிமூன்று ரூபாய் பத்து பைசா. எங்க முதலாளி ரெங்கராஜ், என்கூட வேலை பார்த்த சவரிராயனுக்குத் தரவேண்டிய பாக்கி. நம்பாதவங்க நம்ப வேண்டாம். அந்த ராத்திரி சூளைக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

1986. அரியமங்கலத்தில் பீங்கான் பட்டறை. சூரியன் மாதிரி எரியப்போற ஏதோ உலைக்கு, கதிர்வீச்சு தாங்குற வில்லை செய்துபார்க்கச் சொல்லி ஒரு ஆராய்ச்சிக்கூடம் ஆர்டர் கொடுத்திருந்தது. கருப்புப் பொடியில் மெல்லிய நார் கலந்து அச்சில் அழுத்துவோம். ஈரத்திலேயே அடிப்பக்கம் அவனவன் கட்டைவிரலைப் பதிப்பான். வெந்த பிறகு விரிசல் இல்லாததை மட்டும் ரேகை பார்த்து எண்ணுவார்கள். வில்லைக்கு எண்பத்தஞ்சு பைசா.

சவரிராயன் வில்லை விரியாது. அவன் கூலி ஏறிக்கிட்டே போச்சு. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவன் கைநாட்டை ஈரத்துணியால தொடைச்சிடு. உன் வேலை நிலைக்கும்."

துடைச்சேன்.

"ரேகையே இல்லாத வில்லைக்குக் கூலி கேக்குறியே, உனக்கே அடுக்குமாப்பா?" என்று முதலாளி சவரிராயனைப் பார்த்துச் சிரித்தார்.

நெஞ்செல்லாம் தூசி அவனுக்கு. மருந்துக்குக் காசில்லாமல் தவக்காலத்தில் செத்தான்.

அவன் செத்த முப்பதாம் நாள் ராத்திரி. நான் அழுத்தின வில்லைகள் சூளையில் வெந்துகொண்டிருந்தன.

மணி 1.10. பூட்டின அச்சு அறைக்குள் சத்தம். தப்... தப்... ஈரப்பொடியை அழுத்தும் சத்தம்.

1.25. பின்கட்டில் படுத்திருந்த முதலாளி எழுந்து வந்தார். "எலிடா."

1.40. சத்தம் நின்றது. எரியும் சூளைக்குள்ளே... இருமல்.

அப்புறம் எண்ணிக்கை.

"நானூத்தி எண்பத்தஞ்சு... நானூத்தி எண்பத்தாறு."

நான் துடைச்சது அத்தனை.

"தொடைச்சது யாரு?"

முதலாளி வலதுகை விரலை நீட்டி... என்னைக் காட்டினார்.

மூன்றாம் நாள் சூளையைத் திறந்தோம். ஒன்றுகூட விரியவில்லை. அடியில் என் ரேகை இருக்கணும். எல்லாத்திலும் குறுக்கே வெட்டுத்தழும்பு விழுந்த கட்டைவிரல். சவரிராயனுடையது.

அன்றைக்கே அவன் பெண்சாதி அமலராணி வீட்டுக்குப் பணத்தோடு ஓடினார் முதலாளி. இடதுகையால் நீட்டினார்.

"வலதுகையால குடுங்கய்யா."

"முடியலம்மா."

என்னைக் காட்டின விரல் மடங்கவே இல்லை. கடைசிவரைக்கும்.

சனிக்கிழமை சம்பளம். பேரேட்டில் கைநாட்டு வைத்தேன். கருப்பாக ஒரு வட்டம். ரேகை ஒன்றுகூட இல்லை. கணக்குப்பிள்ளை மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடியும் வட்டம்தான்.

நாற்பத்தஞ்சு வயசில் நான் எழுத்துக் கத்துக்கிட்டது அதுக்கப்புறம்தான்.

அமலராணிக்குப் பாக்கி பைசா சுத்தமாகத் தீர்ந்தது. நான் பட்ட பாக்கியும்.