லூமுட்டுக்குப் புறப்பட்ட பஸ்

எங்கள் தோட்டத்து மனமகிழ் மன்றத்தில் என்னைச் செயலாளராகப் போட்டதற்கு ஒரே காரணம், கைப்பேசியில் தமிழில் வேகமாக எழுதத் தெரிந்தவள் நான்தான் என்பது. தோட்ட ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். நாளெல்லாம் எழுதுகிறவளுக்கு இதையும் எழுதுவதில் என்ன சிரமம் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நானும் அன்றைக்கு ஏதோ மயக்கத்தில் தலையாட்டிவிட்டேன்.

மலையில் ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இப்போது பாதிக்கு மேல் வங்காளதேசத்து ஆட்களும் நேப்பாளத்து ஆட்களும்தான். மிச்சமிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் எல்லாம் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். வீட்டில் தனித்துப்போன பெரியவர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் மன்றம். வெள்ளிக்கிழமை மாலைகளில் தோட்டத்து ஹாலில் கேரம் விளையாடுவோம், பூப்பந்து ஆடுவோம். மழை வலுத்தால் கரோக்கே போட்டுப் பாடுவோம். கோயிலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பாடும்போது எல்லோருக்கும் சுருதி ஒரே மாதிரிதான் விலகும்.

வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுலா. அந்த வருஷம் லூமுட் கடற்கரைக்குப் போகலாம் என்று சொன்னது நான். குளிரிலும் பனியிலும் கிடக்கிறவர்களுக்கு ஒரு நாள் வெயில் படட்டுமே என்று சொன்னேன். உண்மையில் எனக்குத்தான் ஆசை. கடைசியாக நான் கடலில் கால் நனைத்தபோது என் மூத்த மகள் கைக்குழந்தை. இப்போது அவளுக்கே ஒரு மகன்.

வாட்சப்பில் எந்த நாள் வசதிப்படும் என்று கேட்டேன். பதிலுக்கு ரோஜாப்பூ வந்தது. மறுபடி கேட்டேன். சூரியன் உதிக்கும் படமும் காலை வணக்கமும் வந்தன. ஒருவர் தன் முழங்கால் வலிக்கு யாரோ சொன்ன கஷாயத்தை அனுப்பினார். நாள் என்ன என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கடைசியில் நாளைக் குறித்தது மன்றத் தலைவர். தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் கைமடக்காத முழுக்கைச் சட்டையும் தேய்த்த நீளக்கால் சிலுவாரும் போட்டுத்தான் ஹாலுக்கு வருவார். அவர் தேர்ந்தெடுத்தது நீண்ட விடுமுறையில் வரும் ஒரு சனிக்கிழமையை. அந்த நாளில்தான் நாட்டில் பாதிப் பேர் ஸ்ட்ராபெரி பார்க்க இந்த மலைக்கு ஏறுகிறார்கள் என்று நான் சொன்னேன். அவர்கள் ஏறட்டும், நாம் இறங்கப்போகிறோம், நமக்கு என்ன என்று அவர் சொல்லிவிட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. வழியையும் அவரே முடிவு செய்தார். எங்கள் தோட்டத்திலிருந்து கீழே இறங்க நேர் வழி தாப்பா ரோடு. ஆனால் அதில் வளைவு அதிகம், பெண்கள் வாந்தி எடுப்பார்கள் என்று சொல்லி, வடக்கே தானா ராத்தா, பிரிஞ்சாங், கோலா தெர்லா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கும் அகலமான ரோட்டில் போகலாம் என்றார். என் வீட்டுக்காரர் அந்த ரோட்டில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைக் கேட்டு, வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"லீவு நாள்ல அந்தப் பக்கம் லோரியே நகராது. நீங்க பஸ்ஸ ஓட்டிக்கிட்டுப் போறீங்க. பாய் தலகாணி எடுத்துக்கிட்டுப் போங்க லா."

இதை அப்படியே தலைவரிடம் சொன்னேன். லோரிக்காரர்களுக்குப் பொறுமை கிடையாது என்றார்.

அன்று விடியும்போதே எல்லோரும் கோயில் முன்னால் கூடிவிட்டார்கள். அப்போதே கிளம்பியிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். தலைவர் தென்னை மரமும் நீலக்கடலும் போட்ட ஒரு பதாகை அடித்துக்கொண்டு வந்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும் என்றார். பனி இறங்கி யார் முகமும் தெரியவில்லை. பனி விலகட்டும் என்று காத்திருந்தோம். விலகியபோது இருவர் பசியாறப் போயிருந்தார்கள். அவர்கள் வந்ததும் தலைவர் ஒரு சிறிய உரை ஆற்றினார். பஸ் ஓட்டுநர் தாப்பாவிலிருந்து வந்திருந்த தமிழர், என் வயதிருக்கும். உரை முடிவதற்குள் அவர் தன் இருக்கையில் சாய்ந்து ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிட்டார்.

பிரிஞ்சாங் தாண்டியதும் பஸ் நின்றது.

முன்னால் காடிகள், பின்னால் காடிகள், எதிரே மலையேறி வரும் காடிகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடியை இறக்கிக் குளிர்காற்றை அனுபவிக்கிற குடும்பங்கள். நடந்துபோன ஒரு நாய் எங்களைத் தாண்டிப் போனது. முதலில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். பிறகு கொண்டுவந்த வடையைச் சாப்பிட்டார்கள். தின்பண்டம் கொண்டுவர வேண்டாம், லூமுட்டில் மீன் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஆளுக்கு இரண்டு டப்பா திறந்தது.

தலைவர் இறங்கிப்போய் ரோட்டை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசை கட்ட வைத்த பழக்கம் இன்னும் கையில் இருந்தது. இந்தக் காடியை நிறுத்தினார், அந்தக் காடியை வரச் சொன்னார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூர்ப் பதிவெண் போட்ட ஒரு காடிக்காரர் அவரைப் பார்க்கிங் ஆள் என்று நினைத்து, எங்கே நிறுத்தினால் ஸ்ட்ராபெரி வாங்கலாம் என்று கேட்டார். எங்கள் தலைவர் கொஞ்சமும் தயங்காமல் கையைக் காட்டி, பத்துப் பதினைந்து காடிகளை வரிசையாக எங்கள் பஸ்ஸுக்கு முன்னாலேயே நிறுத்த வைத்துவிட்டார்.

அடுத்தது பெண்களின் அவசரம். அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ரோட்டோரச் செடிக்கடை ஒன்றுக்குப் போய், கழிவறையைப் பயன்படுத்தலாமா என்று கடைக்காரம்மாவிடம் கேட்டேன். தாராளமாகப் போங்கள், ஆனால் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். என் அத்தனை பெண்களும் ஆளுக்கொரு கள்ளிச்செடித் தொட்டியுடன் திரும்பி வந்தார்கள். இவர்களில் இருவர் கள்ளிச்செடிப் பண்ணையில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவர் வீட்டு வாசலில் வைக்க இடமில்லாமல் எனக்கே நான்கு தொட்டி கொடுத்திருக்கிறார். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, இங்கே மலிவு என்றார்.

நடுப்பகல் தாண்டிய பிறகு லூமுட் சாப்பாட்டுக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். மீன் தயாராக இருக்கிறது, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். இன்னும் மலையை விட்டே இறங்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வழியில் ரோடு ஜேம் என்று மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பின்னால் யாரோ, மீனைப் பொட்டலம் கட்டி வைக்கச் சொல்லு என்றார்கள்.

ஒருவழியாகக் கீ ஃபார்ம் கடந்து ரோடு திறந்தபோது, ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இனிமே லூமுட் போனா கடல இருட்டுலதான் பார்க்கணும். ராத்திரி மழையில நான் இந்த மலையில பஸ்ஸ ஏத்த மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

நான் எழுந்து நின்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பசிக்கிறது என்றுதான் சொன்னார்கள். இரண்டு டப்பா வடை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்த அக்கா ஒருவர் எங்களோடு வந்திருந்தார். அவருடைய தம்பி கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். அக்கா அவரைக் கூப்பிட்டுப் பேசினார். வாங்க, சோறு வடித்து வைக்கச் சொல்கிறேன் என்று தம்பி சொன்னாராம். பஸ் அங்கே போய் நின்றது. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே தக்காளி வரிசை, அதற்கு முன்னால் ஒரு களம், களத்தில் பாதி ஏற்றிய லோரி. விடுமுறை என்பதால் அவருடைய ஆட்களில் பாதிப் பேர் வரவில்லை. மாலைக்குள் லோரி கோலாலம்பூர் மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

கருவாட்டுக் குழம்பும் கோசுப் பொரியலும் போட்டார்கள். கையைக் கழுவிவிட்டு ஆயா அக்கா ஒரு கூடையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு தக்காளியைத் தரம் பிரிக்க உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மன்றம் மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. சுற்றுலாவுக்கு என்று கட்டிய பட்டுச்சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே பிரித்தார்கள். ஆண்கள் கூடைகளைத் தூக்கி லோரியில் ஏற்றினார்கள். தலைவர் லோரிக்குப் பக்கத்தில் நின்று, இந்தக் கூடையில் காம்பு ஒடிந்திருக்கிறது, அதில் பழுத்தது கலந்திருக்கிறது என்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. கடல் போட்ட பதாகையை லோரியின் பக்கப் பலகையில் கட்டி, அதற்கு முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. வாரமெல்லாம் கையும் காலும் ஓய வேலை செய்கிறவர்கள், கிடைத்த ஒரு லீவு நாளில் ஊர்விட்டு ஊர் வந்து, யாரோ ஒருவருக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள். சந்தோஷமாகவும் இருக்கிறார்கள். யாரிடம் கோபிப்பது? பஸ்ஸில் ஏறிக் கள்ளிச்செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். அழுகை வரும் போலிருந்தது. ஒரு கடலுக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தலைவரின் மனைவி ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசாதவர். கரோக்கேயில்கூட அடுத்தவர் பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பார். கைப்பையைத் திறந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து என்னிடம் காட்டினார். புதுசு. மணலில் நடப்பதற்கென்று வாங்கியதாம்.

"கல்யாணம் ஆன புதுசுல கடலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்னாரு. ரிங்லெட் அணைக்கட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, கடலும் இந்த மாதிரிதான், கொஞ்சம் பெருசா இருக்கும்னாரு. நானும் சரின்னுட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. செருப்பை மறுபடி தாளில் சுற்றினார்.

"நீ எப்ப லீவு போடுவ? நாம ரெண்டு பேரும் போய்ட்டு வரலாம். இவங்கள கூப்பிட வேணாம்."

அடுத்த மாதம் வேலை நாள் ஒன்றில் லீவு போட்டேன். அம்மாவும் நானும் தாப்பா ரோட்டில்தான் இறங்கினோம். அவர் பாதி வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். ஒவ்வொரு முறையும் வாயைத் துடைத்துக்கொண்டு, இதற்குப் பயந்தா இத்தனை வருஷம் இருந்தேன் என்று கேட்டார். பஸ் மாறிப் பஸ் மாறி லூமுட் போய்ச் சேர்ந்தபோது கடல் உள்வாங்கியிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு தூரம் வந்து சேற்றையா பார்ப்பது? அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சேற்றில் செருப்பு புதையப் புதைய, தண்ணீர் இருக்கும் இடம் வரைக்கும் நடந்தே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். சேலை முழங்கால் வரை நனைய நின்றுகொண்டு, குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புதான்" என்றார், ஏதோ அதுவரை யாரும் சரியாகச் சொல்லாத விஷயம் போல.

அதற்குள் தலைவர் பல முறை கைப்பேசியில் கூப்பிட்டுவிட்டார். மீன்குழம்பைச் சூடு பண்ண எந்தச் சட்டி என்பதுதான் விஷயம் என்று பிறகு தெரிந்தது. அம்மா எடுக்கவே இல்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஹாலுக்குள் நுழையும்போதே விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தலைவர் எழுந்து நின்று, மன்றத்தின் செயலாளர் தலைவருக்குத் தெரியாமல் தனியாகச் சுற்றுலா ஏற்பாடு செய்தது சரிதானா என்று சபைக்கு முன்னால் கேட்டார். செயலாளர் வேலையை அந்த நிமிஷமே விட்டுவிடுவதாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து அம்மா பேசினார்.

"அது எங்க சொந்தப் பயணம். நீங்க உக்காருங்க."

அவர் குரல் அந்த ஹாலில் கேட்டது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். தலைவர் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குச் செய்த மரியாதை. பிறகு ஆயா அக்கா தயங்கித் தயங்கி, கடல் எப்படி இருந்தது என்று கேட்டார். அம்மா சொல்ல ஆரம்பித்தார். சேறு, நண்டு, தூரத்தில் போன கப்பல், மீன் பொரித்து விற்ற பெண்மணி, தன் நாக்கில் பட்ட உப்பு என்று ஒன்று விடாமல் சொன்னார். கேரம் பலகை மேலே கிடந்த காய்களை யாரும் தொடவில்லை. நடுவில் தலைவர் மட்டும் ஒருமுறை, அணைக்கட்டை விடப் பெரியதா என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றார்.

அன்றைக்குப் பூப்பந்து வலை மாற்றுவது பற்றியும் ஹாலின் ஒழுகும் கூரை பற்றியும் பேச வேண்டியிருந்தது. இரண்டையும் யாரும் எடுக்கவில்லை. நானும் ராஜினாமாவைச் சொல்ல மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.