ஜனவரியில் வெர்லா யாரையும் நம்புவதில்லை

கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே டோனட் கடையின் மூலை மேசையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் ஒரு கட்டுரையைத் திறக்கிறார் வெர்லா ப்ரீசன். முதல் பக்கம் வருகிறது. அதை அவர் பார்ப்பதில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறார்.

"முதல் பக்கத்தை எவன் வேணா காட்டுவான். கடைசிப் பக்கம் வந்தாத்தான் அது நம்மளுது."

அவர் வேலை செய்யும் பல்கலைக்கழக நூலகம் சாலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து சோதித்தால் வளாகத்துக் கணினி என்று தெரிந்து எல்லாம் திறந்துவிடும். வீட்டிலிருந்து படிக்கும் மாணவருக்குத் திறக்குமா என்பது தெரியாது. அதனால் கனடாவின் வின்னிபெக் குளிரில் மூக்கு சிவக்கச் சாலையைக் கடந்து வந்து, வெளியாளாக இருந்து தட்டிப் பார்க்கிறார்.

ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டுவதும், அவை திறக்கின்றனவா என்று காவல் இருப்பதும் அவர் வேலை. பக்கத்து மேசையில் நான் புத்தகங்களை வகைப்படுத்துகிறேன். புத்தகம் வாங்கினால் அலமாரியில் இருக்கும். இதழ்கள் ஆண்டு பிறந்ததும் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடி மாறிவிடும். நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய பழைய தொகுதிகள் எங்கே என்று கேட்டால், பழையவர் கொடுத்துவிட்டேன் என்பார், புதியவர் வரவில்லை என்பார்.

வெர்லாவுக்கு இனிப்பான கடிதங்கள் பிடிக்காது. "'உங்கள் வசதிக்காக'ன்னு ஆரம்பிச்சா, எதையோ புடுங்கப் போறான்." அலுவலகத்தில் யாராவது காரணமில்லாமல் கேக் வாங்கி வந்தால், "யாரை வீட்டுக்கு அனுப்பறாங்க?" என்று கேட்ட பிறகே ஒரு துண்டு எடுப்பார். நாள் முழுக்கச் சூரியகாந்தி விதையைப் பல்லிடுக்கில் உடைத்துக்கொண்டிருப்பார். காப்பிக் கோப்பையில் தோல் குவிந்திருந்தால் அன்றைக்கு ஏதோ ஓர் இதழ் காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பூட்டிய இதழைவிடத் திறந்திருக்கும் இதழ்தான் அவரை அதிகம் கலங்கடிக்கும். இந்த ஜனவரியில், ஏரி மீன்களைப் பற்றிய இதழ் ஒன்றை ஒரு சிறிய சங்கம் பெரிய பதிப்பகத்திடம் ஒப்படைத்தது. புதிய தளத்தில் முதல் தொகுதியிலிருந்து எல்லாமே திறந்தன.

"அப்புறம் என்ன, நிம்மதிதானே?" என்றேன்.

"நீ ரொம்ப நல்லவன்பா. மாறுற சமயத்துல ஊருக்கே தொறந்து விடுவான். நாமும் சரியா இருக்குன்னு கம்முனு இருப்போம். பனி உருகுறப்போ பார்த்தா பூட்டு தொங்கும். கேட்டா, 'அப்பவே சொல்லக் கூடாதா மேடம்'னு நம்ம தலையிலேயே கட்டுவான்."

அந்த இதழ் முக்கியமாக வேண்டியிருந்தது ஜோலீன் டெஜார்லே என்ற ஆராய்ச்சி மாணவிக்கு. ஸ்டர்ஜன் மீன்களைப் பற்றிய ஆய்வேட்டை அவள் வசந்தத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பழைய காலத்து மீன்களின் அளவுகள் அந்த இதழில் மட்டுமே இருந்தன.

"எல்லாம் நல்லாத்தானே தொறக்குது, வெர்லா?" என்றாள்.

"இன்னைக்குத் தொறக்குது. எடுத்து வச்சுக்கோ. நாளைக்கு என்கிட்ட வந்து அழாதே."

ஜோலீன் சொன்ன பேச்சைக் கேட்டாள். தானே ஒரு சிறு கணினி நிரல் எழுதி, ஒரே மூச்சில் அத்தனை தொகுதிகளையும் இழுத்துவிட்டாள். பதிப்பகத்தின் இயந்திரம் அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் எங்கள் வளாகம் முழுவதையும் பூட்டியது. மீன் இதழ் மட்டுமல்ல, அவர்களுடைய எல்லா இதழ்களும் போயின. மருத்துவத் துறையிலிருந்து இசைத் துறை வரை எங்கள் தொலைபேசியில்தான் வந்து கத்தினார்கள்.

வெளிறிய முகத்தோடு ஜோலீன் வந்து நின்றாள். "பூட்டிடுவாங்கன்னு நீங்க சொன்னீங்களா, பயந்துட்டேன்."

"என் வியாதியை உனக்கும் ஒட்ட வச்சுட்டேன்" என்றார் வெர்லா. அதற்குள் மறுபடி தொலைபேசி. பதிப்பகத்தின் விற்பனையாளர் கிரெய்க். அவர் குரல் என் மேசை வரை கேட்டது.

"பேரு மட்டும் கொடுங்க மேடம். மத்தியானமே தொறந்துடறோம்."

பெயரைக் கொடுத்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். ஆய்வேடு அங்கேயே நிற்கும். ஜோலீன் வாயைத் திறக்கப் போனாள். வெர்லா விரலை உதட்டில் வைத்தார்.

"யாரு என்ன படிக்கறாங்கன்னு நூலகம் சொல்லாது, தம்பி."

"எங்க படிச்சாங்க? வாரிட்டுப் போயிருக்காங்க."

"வாரச் சொன்னதே நான்தான். என் பேரை எழுதிக்கோங்க. ப்ரீசன்."

கிரெய்க் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். "சரி. அந்த ஆள்கிட்ட இப்போ பிரதி எதுவும் இல்லைன்னு உறுதி சொல்லுங்க. அது போதும்."

வெர்லா தொலைபேசியைத் தோளில் அழுத்திக்கொண்டு ஜோலீனிடம் கையை நீட்டினார். அவள் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள்.

"லேப்டாப்ல?" என்று உதட்டை மட்டும் அசைத்தார் வெர்லா. அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டு, மனசில்லாமல் கொடுத்தாள். அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிய பிறகே வெர்லா பேசினார்.

"அந்த ஆள்கிட்ட இப்போ ஒண்ணும் இல்லை."

தொலைபேசியை வைத்தார். பூட்டிய இழுப்பறையை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையிலிருந்த என்னைக் கண் எடுக்காமல் பார்த்தபடியே குனிந்து, சாவியைத் தன் காலுறைக்குள் செருகிக்கொண்டார்.