பாயிஜாவின் பெட்டிக்கு நான் எழுதிய பெயர்

வடலூர் நான்குமுனைச் சந்திப்பிலிருந்து சிறிது தொலைவில் அப்துல் வாஹித்தின் கடை இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கங்களுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் கம்பூட்ஸ், தலைக்கவசம், கையுறை ஆகியவற்றை அங்கே வாங்குவார்கள். கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு உண்டு. அதன் நீளம் ஒன்பதரை மீட்டர். ஏர் ரைஃபிள் போட்டியில் சுடுபவருக்கும் இலக்குக்கும் இடையே பத்து மீட்டர் இருக்க வேண்டும். குறைகிற அரை மீட்டருக்காக அவருடைய மகள் பாயிஜா கிடங்கின் பின்கதவைத் திறந்து வைத்து, வாசற்படிக்கு வெளியே சந்தில் நின்று சுடுவாள். மழை பெய்தால் அவளுடைய தாயார் சித்தீகா பின்னால் நின்று குடை பிடிப்பார். முதுகு நனையலாம், ரைஃபிள் நனையக் கூடாது என்பது அவ்வீட்டின் சட்டம்.

சந்தில் போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள்.

"வள்ளலார் ஊருல துப்பாக்கி எடுத்துகினு நிக்கிறியேம்மா, பாவம் இல்லியா?"

"காயிதத்தத்தான் மாமா சுடறேன். அதுக்கு உசுரு இருக்குதுன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

பாயிஜாவும் என் மகள் நான்சியும் நெய்வேலி டவுன்ஷிப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் அங்கே தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். இருவரும் என்.சி.சி.யில் சேர்ந்து சுடக் கற்றார்கள். நான்சி வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள்; சுடுதல் அவளுக்குப் பொழுதுபோக்காக நின்றுவிட்டது. பாயிஜா பட்டம் பெற்றபின் சுரங்கத்தில் ஓர் ஒப்பந்தக்காரரின் டைம் ஆபீஸில் சேர்ந்தாள். மூன்று ஷிஃப்டுகளிலும் வருகிற தொழிலாளர்களின் வருகையைப் பதிவு செய்வது அவள் வேலை. அவளுடைய சொந்த வேலை அடுத்த ஆண்டு இருக்குமா என்பது மட்டும் அவளுக்கு ஒருபோதும் தெரியாது. எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி முதலில் கேட்கப்படும் கேள்வி, பெர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்பதே. பாயிஜாவிடம் கேட்டால், "ஏழு வருஷமா பெர்மனென்ட் கான்ட்ராக்ட்டுங்க" என்பாள்.

சென்ற ஆண்டு அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தேசிய அளவிலான போட்டி ஒன்றில் 618 புள்ளிகள் எடுத்திருக்க வேண்டும். அவளுக்கு வயது வரம்பு அந்த ஆண்டோடு முடியவிருந்தது. டெல்லியில் டிசம்பரில் நடக்கவிருந்த போட்டியே அவளுக்குக் கடைசி வாய்ப்பு. கிடங்கில் அவள் 619, 620 என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான்சிக்கும் அதே போட்டியில் இடம் கிடைத்திருந்தது. ஓய்வு பெற்றவன் என்பதால் நானும் துணைக்குப் புறப்பட்டேன். பயணத்துக்கு முதல் நாள் மாலை அப்துல் வாஹித் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னாசி சார், நீங்க கூட போறீங்கன்னா எனக்கு ஒரு கவலையும் இல்லீங்க. பத்திரமா கூட்டிகினு போயி கூட்டிகினு வந்துடுங்க."

"என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன், பாய்" என்றேன்.

விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோவது குற்றமன்று. மறைத்துக் கொண்டுபோவதே குற்றம். ரைஃபிளைப் பூட்டிய பெட்டியில் வைத்துச் சரக்குப் பகுதிக்குக் கொடுத்துவிட வேண்டும். காற்றுச் சிலிண்டர் காலியாக இருக்க வேண்டும். ஈயக் குண்டுகளைத் தனியாக, மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ரைஃபிளின் எண்ணும் உரியவரின் பெயரும் உள்ள, துப்பாக்கிச் சுடுதல் சங்கத்தின் கடிதத்தைக் காட்டி, ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து இட வேண்டும். இவ்வளவையும் நான் ஒரு வாரமாகப் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். பாயிஜா அதற்கு முன்பே நான்கு முறை தன் ரைஃபிளோடு விமானத்தில் போய் வந்தவள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அதிகாலையில் வாடகை வண்டியில் புறப்பட்டோம். திண்டிவனத்துக்கு முன்பு தேநீருக்காக வண்டி நின்றது. பாயிஜா இறங்கிப் போனாள். நான் படிவங்களை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

"நான்சி, ரெண்டு பெட்டியும் உன் பேர்லயே போட்டுடறேன். கையெழுத்து மட்டும் போடு."

"ஏம்ப்பா? அவளோடத அவ பேர்ல போட்டா என்ன?"

"ஏர்போர்ட்ல துப்பாக்கியையும் பாத்து, அந்தப் பேரையும் பாத்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் கஷ்டம்."

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அப்புறம் சொல்லிக்கலாம். இப்ப சொன்னா சங்கடப்படுவா."

சங்கக் கடிதத்தில் ரைஃபிளின் எண்ணை மட்டும்தான் பார்ப்பார்கள், பெயரைப் பார்க்க மாட்டார்கள் என்று நான் நம்பினேன். நான்சி இரண்டு படிவங்களிலும் கையெழுத்து இட்டாள். என் சொல்லைத் தட்டாத பெண் என்று அவளைப் பற்றி நான் பலரிடம் பெருமையாகச் சொன்னதுண்டு.

'அந்தப் பேர்' என்றுதான் சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்து வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் நான் வாய்விட்டு அழைத்த பெயர் அது.

பாயிஜா மூன்று குவளைகளை விரல்களுக்கிடையே கோத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். "சார், உங்களுது சக்கர இல்லாதது. மாத்திக் குடிச்சிட்டு நான்சிய திட்டாதீங்க" என்றாள். வாங்கிக் குடித்தேன்.

சென்னை விமான நிலையத்தில், கையெழுத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று அவளைப் பின்வரிசையில் தன் உடைப்பெட்டியோடு நிற்கச் சொல்லிவிட்டு, நானும் நான்சியும் ரைஃபிள் பெட்டிகள் இரண்டையும் கவுன்டருக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினார். பாதுகாப்பு அலுவலர் ஒருவரை வரவழைத்தார். அவர் நான்சியின் ரைஃபிளைப் பார்த்து, எண்ணைக் கடிதத்தோடு ஒப்பிட்டு, சீட்டு ஒட்டி அனுப்பிவிட்டார். இரண்டாவது பெட்டியைத் திறந்தார். எண்ணைப் படித்தார். கடிதத்தைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார்.

"லெட்டர்ல ஓனர் பேரு பாயிஜான்னு இருக்கு. ஃபார்ம்ல நான்சின்னு இருக்கு. யாருங்க பாயிஜா?"

"நான்தாங்க." அவள் வரிசையை விட்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"நீங்களும் இதே ஃபிளைட்டா?"

"ஆமாங்க."

"அப்ப உங்க பேர்ல ஏன் போடல?"

பாயிஜா படிவத்தை எட்டிப் பார்த்தாள். அது நான் எழுதியது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரும்பலகையில் பல ஆண்டுகள் பார்த்த எழுத்து. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அதேதாங்க எனக்கும் தெரியணும்."

"ஒரே பேர்ல இருந்தா உங்களுக்கு வேலை சுலபமா இருக்கும்னு நெனச்சேன்" என்று அலுவலரிடம் சொன்னேன். அது பொய். அங்கே நின்ற மூவருக்கும் அது பொய் என்று தெரியும். அலுவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் பார்வையை என் முகத்திலிருந்து பாயிஜாவின் தலைத் துணிக்குக் கொண்டுபோய், உடனே எடுத்துக்கொண்டார்.

"சுலபமாங்க? அடுத்தவங்க ரைஃபிள தன்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இத நான் மேல சொல்லாம விட முடியாது."

மேலதிகாரி வந்தார். நான் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நான்சியும் எழுதினாள். இதில் எந்தக் குற்றமும் செய்யாத பாயிஜாவும் எழுத வேண்டியதாயிற்று. அவர்கள் யாரும் கடுமையாகப் பேசவில்லை, விதிப்படி நடந்தார்கள். எல்லாம் சரியென்று ஆனபோது அந்த விமானத்துக்குப் பெட்டி ஏற்றும் நேரம் முடிந்துவிட்டிருந்தது. நான்சியின் ரைஃபிள் போய்விட்டது. பாயிஜாவின் ரைஃபிள் தரையில் இருந்தது. அதை விட்டுவிட்டு அவள் போவதில் பொருளில்லை.

மாலை விமானத்தில் இடம் இருந்தது.

"நானும் உன்கூட இருந்து வரேம்மா" என்றேன்.

"வேணாம் சார். நீங்க கெளம்புங்க. இங்க இருந்தா இன்னும் ஏதாச்சும் எழுதுவீங்க."

நான்சி அழுதாள். பாயிஜா அவளுடைய தோளில் ஒரு தட்டு தட்டி, "ஒழுங்கா போயி ரூம்ல எனக்கு ஜன்னலோரக் கட்டில புடிச்சி வையி" என்றாள். நான் மறுபடியும் வற்புறுத்தியிருக்கலாம். பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரு தகப்பன் ஒப்படைத்த பெண்ணை விட்டுவிட்டு, என் மகளோடு நான் விமானம் ஏறினேன்.

மாலையில் அவள் தானாகவே படிவம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பத்து நிமிடம் ஆயிற்றாம். பெயரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிலிண்டர் காலியா என்று மட்டும் கேட்டார்களாம். இதை அவள் நான்சியிடம் சொல்ல, நான்சி என்னிடம் சொன்னாள்.

அவள் தங்குமிடம் வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. போட்டிக்கு முன்தினம் பயிற்சிக்கு ஒதுக்கிய நேரமும், ரைஃபிளைச் சோதித்து முத்திரை இடும் நேரமும் கடந்துவிட்டன. காலையில் ஓடிப்போய்ச் சோதனையை முடித்துக்கொண்டு, நேரே சுடும் இடத்தில் நின்றாள். நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது குண்டுகளில் முதல் பத்துக்கு அவளுக்கு நூறு புள்ளிகள்கூட வரவில்லை. பிறகு நிமிர்ந்தாள். கடைசி இருபதும் கிடங்கில் சுடுவது போலவே போயின. மொத்தம் 616.7.

முந்தைய நாள் நடந்ததுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தூங்கி எழுந்து வந்திருந்தாலும் குறைந்திருக்கலாம். ஒன்றரைப் புள்ளிகூட இல்லாத அந்தக் குறைவை யார் கணக்கில் எழுதுவது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். யோசிக்கும்போதெல்லாம் என் பக்கம் தப்புவதற்கு வழி தேடுகிறேன் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

திரும்பி வந்தபின் பாயிஜா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. விண்ணப்பத்தின் கடைசித் தேதி ஜனவரியில் முடிந்தது. அவள் அதே டைம் ஆபீஸுக்கு அதே ஷிஃப்டில் போய் வந்தாள். நான்சி என்னோடு பேசினாள். வேண்டியதை மட்டும் பேசினாள். பிப்ரவரியில் ஒருநாள், "அவங்க அத்தாவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதாம்ப்பா. அவ சொல்லவே இல்லையாம்" என்றாள். மறுநாள் வடலூருக்குப் பேருந்து ஏறினேன்.

அப்துல் வாஹித் முக்காலியைக் கையுறை ஒன்றால் தட்டித் துடைத்துப் போட்டார்.

"வாங்க இன்னாசி சார், உக்காருங்க. பொண்ணு சொல்லிச்சி, பேப்பர்ல ஏதோ கோளாறாம். அது யாரு தப்புங்க? நீங்க கூட இருந்தீங்களேன்னு எனக்கு ஒரு தெம்பு."

நான் உட்காரவில்லை. "கோளாறு இல்ல பாய். அது நான் செஞ்சது" என்று தொடங்கி, திண்டிவனத்திலிருந்து டெல்லி வரை வரிசையாகச் சொன்னேன். அவர் கையுறையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"இதத்தாங்க நானும் சொன்னேன்" என்றார் கடைசியில். "மொத தடவ புனேவுக்கு போச்சே, அப்ப. வம்பு எதுக்கு, கூட வர்ற பொண்ணு யாரு பேர்லயாச்சும் போட்டு எடுத்துகினு போம்மான்னேன். ஒரு வாரம் வூட்ல எங்கூட பேசல."

வெட்கத்தோடு எழுதுகிறேன்: அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பெற்ற தகப்பனே அப்படி நினைத்திருக்கிறார் என்றால் நான் நினைத்ததில் என்ன பெரிய பிழை என்று மனம் ஒரு நொடி இலேசாயிற்று.

கடைக்கும் கிடங்குக்கும் நடுவிலிருந்த வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். பாயிஜா கிடங்குக்குள் இருந்திருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கம்பூட்ஸ் அடுக்குகளுக்கு நடுவே நடந்து வந்தாள்.

"அத்தா பயந்தாரு, சரி. அவரு என்னைப் பெத்தவரு. நீங்க யாருக்காக சார் பயந்தீங்க?"

உனக்காகத்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். திண்டிவனத்தில் நான்சியிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான்சிக்காக" என்றேன். "உன்னை நிறுத்தி வச்சா, கூட வந்தவன்னு அவளையும் நிறுத்திடுவாங்களோன்னு."

அப்துல் வாஹித் கையுறையைப் பெட்டியில் போட்டு மூடினார்.

பாயிஜா தலையை அசைத்தாள். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். நான் தனியா கவுன்டருக்குப் போயிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் எனக்கு முன்னாடி போயிருப்பீங்க. அவ்ளோதான?"

 அவள் திரும்பி நடந்து, பின்கதவைத் தாண்டிச் சந்தில் போய் நின்று ரைஃபிளை எடுத்தாள். இலக்கு எனக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் மாட்டியிருந்தது.

"கொஞ்சம் ஒதுங்குங்க சார். ரொம்ப கிட்ட நிக்கிறீங்க."

ஒதுங்கிக் கடைக்குள் வந்தேன். உள்ளிருந்து முதல் குண்டின் சத்தம் கேட்டது.

"வேலைக்கு எழுதிப் போடற வயசு போயிடிச்சி" என்றார் அப்துல் வாஹித். "சுடறதுக்கு வயசு கணக்கு இல்லியாம். ஏப்ரல்ல கல்கத்தாவுல ஏதோ போட்டியாம். ஃபிளைட்டுலதான் போவணுமாம்."

தேநீர் வந்தது, குடித்துவிட்டு விடைபெற்றேன். துணைக்கு வரும்படி அவர் என்னைக் கேட்கவில்லை.