சின்னப்பன் மாமாவின் முதல் கேள்வி

சின்னப்பன் மாமா போய்விட்டார். இன்று விடியற்காலை, குட்லண்ட்ஸில்... தூக்கத்திலேயே.

உங்களில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. சிப் ஆராய்ச்சியில் பெரிய ஆள். பாரிஸில் நான் முதலில் வேலை பார்த்த லேபின் தலைவர்.

கல்யாணமாகி நான் இந்தத் தீவுக்கு, குட்லண்ட்ஸ் வந்தபோது, அவரும் ரிட்டயராகித் தன் ஊரான இங்கேயே திரும்பியிருந்தார். அப்புறம்தான் 'டாக்டர்' எனக்கு மாமாவானார்.

அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் கோயில் தமிழ். பாரிஸ் லேபில் எங்கள் முதல் சிப் டெஸ்ட் போர்டில் உயிர் பெற்றபோது, கான்ஃபரன்ஸ் காலில் "அரோகரா!" என்று கத்தினார். அடுத்த சிப்புக்குப் பிரெஞ்சுக்காரர்களும் கத்தினார்கள்.

டிசைன் ரிவ்யூவில் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எவ்வளவு சூடாகும்?" வேகம், விலை எல்லாம் பிறகு.

ஏனென்று இங்கே வந்துதான் தெரிந்தது. ஒருநாள் கடைத்தெருவில் அவருடைய பால்ய நண்பர் ஜோர்ஜ் எதிரே வந்தார். இங்கே எல்லோரும் பேசும் கிரியோலில், ஊருக்கே கேட்கும்படி...

"வழி விடுங்கப்பா! நம்ம சுதந்திரத்தைப் பொசுக்கினவர் வர்றார்!"

"ஆயோ ஜோர்ஜ்... இன்னுமா?"

"நீ சாகிற வரைக்கும்டா!"

அறுபத்தெட்டில், இந்தத் தீவின் சுதந்திரக் கொடியேற்றத்தை ரேடியோவில் கேட்க, தலைநகர் போர்ட் லூயிஸ் போக முடியாதவர்களெல்லாம் ஊர்ச் சங்கத்து வாசலில் கூடியிருந்தார்களாம். ரேடியோவைச் சங்கத்து ஆம்பிளிஃபயரோடு இணைத்தது இளைஞரான மாமா.

நல்ல நாளாயிற்றே என்று அந்த ஆம்பிளிஃபயர் பெட்டிக்குக் கோயில் பட்டு போர்த்தி, மாலையும் போட்டுவிட்டார். உள்ளே காற்றுப் போக வழியில்லை. கொடி ஏறப்போகும் நேரத்தில்... புகை.

எல்லோரிடமும் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். என்னிடம் ஒருமுறை மட்டும், "பாப்பா கரும்பு வெட்டுறவர். அன்னிக்கு வெளுத்த சட்டை போட்டு, ஸ்பீக்கர் பக்கத்துல நின்னார். ஒண்ணுமே கேக்கல அவருக்கு" என்றார். கிரியோலில் பாப்பா என்றால் அப்பா.

போன வருடம் சங்கத்துக்குப் புது ஆம்பிளிஃபயர் வாங்கிக் கொடுத்தார். திறப்பு நாளில் ஜோர்ஜ் வேண்டுமென்றே ஒரு பட்டுத்துணியோடு வந்து நின்றார்.

"கிட்ட வராதே!"

விழா முடியும்வரை பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டே நின்றார் மாமா.

இன்று காலை அந்த ஆம்பிளிஃபயரில்தான் அவர் இறந்த செய்தியைச் சொன்னார்கள். சொன்னது ஜோர்ஜ். பாதியில் அவரால் முடியவில்லை... நிறுத்தி, மறுபடி சொன்னார்.

என் வீடு வரை தெளிவாகக் கேட்டது, மாமா. போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

சூடாகவே இல்லை.

போய் வாருங்கள்.