பாகற்காயைத் தொடாத ஈ

ஸ்டெல்லா போய்விட்டாள் என்று போத்தனூரிலிருந்து போன் வந்தபோது, அவள் கொடுத்துவைத்த கண்ணாடிப் பாட்டிலை ஜன்னல் வெயிலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன். வாயில் மெல்லிய துணி கட்டியது. உள்ளே மஞ்சள் களைப்பூக்கள். ஒரே கல்லூரியில் பூச்சியியல் நடத்தினோம். நான் பயிர்ப் பூச்சிகளின் பின்னால் போனேன். அவள் களையைத் தின்னும் ஒரு பழ ஈயைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெயர்தான் பழ ஈ. பழத்தை ஏறிட்டும் பார்க்காது. களைப்பூவுக்குள் முட்டையிட்டு, அதன் விதையைத் தின்றே வளரும்.

கிணத்துக்கடவு விவசாயி பழனிச்சாமி அண்ணனை எங்கள் துறையில் தெரியாதவர் இல்லை. பாகல் பந்தலில் காயெல்லாம் புழு வைக்க, வரப்பில் பறந்த புள்ளிச்சிறகு ஈதான் காரணமென்று, அது அடையும் களையையே அழிக்கக் களைக்கொல்லி கலக்கிவிட்டார். ஸ்டெல்லா மருந்து டிரம்முக்கு முன்னால் போய் நின்றாள். வலைக்கூண்டில் அந்த ஈக்களையும் ஒரு பாகல் பிஞ்சையும் விட்டு, அவர் வாசலிலேயே தொங்கவிட்டாள். ஈக்கள் பிஞ்சின்மேல் நடந்தன. கனவில் நடப்பவைபோல ஒரு சிறகை அசைத்தன, பிறகு மற்றதை. பிஞ்சை விட்டுப் பறந்து வலையில் ஒட்டிக்கொண்டன. சில நாள் கழித்துப் பிஞ்சை அறுத்துப் பார்த்தபோது உள்ளே புழுவே இல்லை.

“வணக்கம் வெச்சுட்டுப் போகுதுங்கண்ணா, அவ்வளவுதான்,” என்றாள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுதான் அந்தப் பாட்டிலை என் கையில் தந்தாள். “பூவுக்குள்ள இருந்து ஈ வெளிய வந்துச்சுன்னா எங்கூட்டுப் பின்னால தொறந்து உட்ரு அம்மணி. அந்தச் செடி இல்லாத எடத்துல உட்டா வம்சமே போயிரும்.”

துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரப் பந்தல் போட வேண்டுமென்று, வீட்டுக்குப் பின்னாலிருந்த களையை உறவினர்கள் வழித்துவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? கல்லறையிலிருந்து திரும்பி வந்து பையைத் திறந்தால், பாட்டில் துணிக்கடியில் ஈக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. திறந்துவிட அங்கே ஒரு செடிகூட இல்லை. அவள் கேட்டது இது ஒன்றுதானே.

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் பஸ் ஏறினேன். சேதி கேட்ட பழனிச்சாமி அண்ணன் என்னை வரப்புக்குக் கூட்டிப்போனார். வரப்பு நெடுகிலும் அதே களை, அதே மஞ்சள் பூ.

“மேடம் சொன்னதுல இருந்து இந்த ஓரத்த வெட்டறதில்லீங்க,” என்றார்.

துணியை அவிழ்த்தேன். ஈக்கள் பாட்டில் விளிம்பில் நின்று, அவசரமே இல்லாமல் சிறகை மாற்றி மாற்றி அசைத்தன. மாலை வெயில் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே புகுந்து வந்தது. நான் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். அண்ணன் பார்த்தார், சிரிக்கவில்லை.

சேலைக் கரையில் ஒட்டிவந்த களைவிதைகளை வீட்டு ரோஜாத் தொட்டியில் உதிர்த்தேன். அவள் காப்பாற்றிய களையில் எனக்கென்று இருப்பது அவைதான். முளைவிட்டிருக்கின்றன. ஆயுசு முழுக்கப் பயிருக்குப் பரிந்து பேசிய நான், தினமும் களைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.